எங்களுக்கு ஓட்டில்லாத தேர்தல்

அமெரிக்காவில் யார் ஜெயித்தால் எனக்கென்ன, யார் தோற்றால் எனக்கென்ன? என் அண்ணன் என் வீட்டுப் படி ஏறி வரவேண்டும். ஒரு வருஷத்துக்கு மேலாக நான் வேண்டிக்கொண்டது இது ஒன்றுதான்.

பிறந்த வீடு என்று எனக்கு மிச்சமிருந்தது அண்ணன் மட்டும்தான். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. கூடுவாஞ்சேரியில் ஒரு வாடகை வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் இருந்தோம். மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வந்துவிடக்கூடாது என்று தெருவைவிட உயரமாகக் கட்டிய வீடு, வாசலில் அஞ்சாறு படி. நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். அவருக்குச் சிறுசேரியில் ஒரு கம்பெனியில் இரவு ஷிப்ட். அமெரிக்காவில் யாராவது வாங்கிய சாமான் வேலை செய்யவில்லை என்றால் போன் போட்டுத் திட்டுவார்கள். அந்தத் திட்டை வாங்கிக்கொண்டு இங்கிலீஷில் சமாதானம் சொல்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

அண்ணன் மாமல்லபுரத்தைத் தாண்டி, உப்பங்கழி ஓரமாகக் குட்டைகளைக் குத்தகைக்கு எடுத்து இறால் வளர்ப்பவன். அந்த இறாலும் ஐஸில் படுத்துக்கொண்டு அமெரிக்காவுக்குத்தான் போகும். ஆக, இரண்டு பேர் பிழைப்பும் ஒரே ஊர்க்காரன் கையில். சண்டை வர இது போதாதா?

நம்ம ஊர்த் தேர்தல் என்றால் இரண்டு பேரும் ஒரே கட்சி. அதனால் வாக்குவாதமே கிடையாது. ஓட்டுப் போட்டுவிட்டு, மை வைத்த விரலைக் காட்டி போட்டோ எடுத்துக்கொண்டு, சாப்பிட்டுத் தூங்கிவிடுவார்கள். ஓட்டே இல்லாத ஊருக்குத்தான் இத்தனை ரகளை.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் அண்ணன் பைக்கில் ஒரு பை இறாலோடு வந்துவிடுவான். நான் உரித்துத் தொக்கு வைப்பேன். என் வீட்டுக்காரர் தூக்கம் போதாத கண்ணோடு லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்து டிவி முன்னால் உட்காருவார். அந்த நாட்டுப் பெயர்களெல்லாம் அண்ணன் வாயில் நுழையாது. அதனால் கட்சி நிறத்தை வைத்து ஒருத்தரைச் 'செவப்பு' என்றும் இன்னொருத்தரை 'நீலம்' என்றும் வைத்துக்கொண்டார்கள். அண்ணன் செவப்பு. இவர் நீலம்.

"செவப்புன்னா நம்மூர்ல கூலி ஒசத்திக் கேக்கறவங்கதானே, அங்க இன்னா வேற மாதிரி கீது?" என்று நான் ஒருநாள் கேட்டுவிட்டேன். இரண்டு பேரும் ஒரே குரலில் "உனக்கு ஒண்ணும் தெரியாது, நீ போய் சோத்தப் பாரு" என்றார்கள். அந்த வருஷம் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

"செவப்பு வந்தா யாவாரம் பெருகும் மாப்ள," என்பான் அண்ணன். "யாவாரம் பெருகினா நம்ம எறாவுக்கு மவுசு ஏறும். அவ்ளோதான் கணக்கு."

"வரி போடுவேன், வரி போடுவேன்னு மைக்கப் புடிச்சிக் கத்தறான் மச்சான். உங்க காதுல விழவே இல்லையா?"

"அது சீனாக்காரனுக்குப்பா. நமக்கு இன்னாத்துக்குப் போடப் போறான்? நாம அவன இன்னா பண்ணோம்?"

ஆரம்பத்தில் எனக்கு இது பிடித்துத்தான் இருந்தது. அடுப்படியில் நின்று சிரிப்பேன். வாரம் பூராவும் ராத்திரி விழித்துவிட்டு வாயே திறக்காத மனுஷர், ஞாயிற்றுக்கிழமை இவ்வளவு பேசுகிறாரே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு சண்டை போனுக்குள் போயிற்று. அண்ணன், அண்ணி, நாங்கள் இரண்டு பேர் என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தோம். முன்பெல்லாம் அதில் காலை வணக்கமும் ரோஜாப்பூவும் வரும். இப்போது விடிந்தால் செவப்பைத் திட்டி இவர் ஒன்று போடுவார், நீலத்தைத் திட்டி அவன் ரெண்டு போடுவான். "உங்க வூட்டுக்காரர கொஞ்சம் அடக்கி வைம்மா" என்று அண்ணி எனக்குத் தனியாக அனுப்புவாள். "மொதல்ல உங்காள அடக்குங்க அண்ணி" என்று நான் அனுப்புவேன். எங்களால் யாரை அடக்க முடிந்தது?

தீபாவளி முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை. அங்கே ஓட்டுப்போட இன்னும் ரெண்டு நாளோ என்னவோ இருந்தது. சாப்பிட உட்கார்ந்தார்கள். டிவியில் மேடையும் கூட்டமும் காட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஏதோ சொல்ல, இவர் சிரித்துக்கொண்டே, "சேத்துல நின்னுகினு எறாவுக்குத் தீனி போடறவங்களுக்கு உலக அரசியல் இன்னாத்துக்கு மச்சான்?" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். அவர் முகத்தை நான் பார்த்தேன்.

அண்ணன் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "நான் சேத்துல நின்னாலும் என் கால்ல நிக்கறேன்," என்றான். "நீ ராத்திரி பூரா மூஞ்சி தெரியாதவன்கிட்ட அசிங்கமா திட்டு வாங்கினு, 'தேங்க்யூ சார்'னு சொல்லி சோறு துன்ற. உனக்கு எவன் வந்தா இன்னா? திட்றவன் மாறப் போறதில்ல."

ஐயோ, அந்த வார்த்தை. அவர் என்னிடமே அந்தத் திட்டுகளைப் பற்றிப் பேசியதில்லை. ஒருதடவை குடித்துவிட்டு அண்ணனிடம் மட்டும் சொல்லியிருக்கிறார் போல. அதை எடுத்து அவர் முகத்திலேயே வீசிவிட்டான்.

இவர் எழுந்து டிவியை அணைத்தார். "என் வூட்ல உக்காந்து, என் சோத்தத் துன்னுகினு..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"இனிமே உன் வூட்டுப் படி ஏறினேன்னா, என்ன செருப்பாலயே அடி."

நான் வாசலுக்கு ஓடினேன். "அண்ணா, கையக் கழுவிட்டாவது போண்ணா!" என்று கத்தினேன். திரும்பிப் பார்க்கவில்லை. தொக்கு ஒட்டிய கையோடே பைக்கை ஸ்டார்ட் செய்துகொண்டு போய்விட்டான்.

செவப்பு ஜெயித்தது. அண்ணன் குரூப்பில் பட்டாசு வெடிக்கிற படம் ஒன்று போட்டான். இவர் ஒன்றும் எழுதாமல் குரூப்பை விட்டு வெளியே வந்தார். நானும் அண்ணியும் மட்டும் அப்புறம் ரொம்ப நாள் அதில் ரோஜாப்பூ அனுப்பிக்கொண்டிருந்தோம்.

கல்யாணமான நாளிலிருந்து எனக்குப் பொங்கல் வரிசையை அண்ணன் தன் கையால்தான் கொண்டுவந்து தருவான். கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், புடவை. பைக்கில் கரும்பைக் கட்டிக்கொண்டு திருக்கழுக்குன்றத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் எத்தனை பேர் மேல் இடித்திருப்பானோ தெரியாது. அந்தப் பொங்கலுக்கு அண்ணனின் இறாலை ஏற்றிப்போகிற ஐஸ் வண்டி டிரைவர் வந்து வாசலில் எல்லாவற்றையும் இறக்கி வைத்தார். "அண்ணாத்த குடுக்கச் சொன்னாரு" என்றார். கரும்பைச் சுவரில் சாத்தினேன். தூங்கி எழுந்து வந்த இவர் அதைப் பார்த்தார். தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தார்.

"ஆள் வரலையா?" என்றார்.

"ஆளத்தான் நீங்க தொரத்திட்டீங்களே," என்றேன். புடவை மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். நான் கட்டவில்லை. அண்ணன் எப்போது இந்தப் படி ஏறி வருகிறானோ அன்றைக்குக் கட்டிக்கொள்கிறேன் என்று பீரோவில் வைத்துவிட்டேன். எனக்கும் வீம்பு இருக்காதா?

வெயில் காலம் போய்க் கொஞ்ச நாளில் வரி வந்தது. சீனாக்காரனுக்கு மட்டும் இல்லை, நமக்கும். அதுவும் சின்ன வரி இல்லை. இறால் வாங்குகிற கம்பெனிக்காரர்கள் போனை எடுப்பதில்லை என்று அண்ணி அழுதாள். இவர் குத்திக்காட்டப் போகிறார், ஆட்டம் போடப் போகிறார் என்று நான் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். மனுஷர் செய்தியைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"மச்சானுக்கு ஒரு போன் போடேன். குட்டையெல்லாம் இன்னா ஆச்சின்னு கேளு."

"ஏன், உங்க வாயில இன்னா கொழுக்கட்டையா? நீங்களே போடுங்க."

"நான் போட்டா, 'பாத்தியா, அன்னிக்கே சொன்னேனே'ன்னு கேக்கறதுக்குப் போட்ட மாதிரி ஆயிடும்டி."

அவர் நிலைமையும் ஒன்றும் சிலாக்கியமாக இல்லை. திட்டு வாங்கவும் இப்போது மெஷின் வந்துவிட்டதாம். பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் வேலையையும் இவர் தலையில் கட்டினார்கள். பிரஷர் ஏறியது. கடையிலிருந்து நான் மாத்திரை கொண்டுவந்து கொடுப்பேன், நல்ல பிள்ளையாக முழுங்குவார். டாக்டரிடம் இன்னொருதரம் போகலாம் என்றால் மட்டும், லீவு போட்டால் அடுத்தது நான்தான் என்பார்.

மழை விட்டதும் நானே கிளம்பிவிட்டேன். செங்கல்பட்டு வரை ரயில், அங்கிருந்து பஸ். கழுக்குன்றத்து மலை தெரிந்தபோது கன்னத்தில் போட்டுக்கொண்டு, எப்படியாவது அவனை அனுப்பி வை சாமி என்றேன். மாமல்லபுரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். குட்டைகளில் மழைத்தண்ணீர்தான் நின்றது. தண்ணீருக்குக் காற்றடிக்கிற சக்கரங்களைக் கழற்றிக் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தான். அண்ணி ஒரு ரிசார்ட்டில் ரூம் துடைக்கப் போயிருந்தாள். அண்ணன் தாடியும் கீடியுமாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"வாண்ணா, ஒருதரம் வந்துட்டுப் போ. அவரு ஒண்ணுமே சொல்ல மாட்டாரு."

"சொல்ல மாட்டாருன்றதுதான் பேஜாரே," என்றான். "நாலு வார்த்த திட்டினாருன்னா வந்துடுவேன். அவரு திட்ட மாட்டாரு. எறா நல்லாக் கீது, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ மச்சான்னுவாரு. எந்த மூஞ்ச வச்சினு துன்னுவேன்?"

"அப்போ வீம்புன்ன, இப்போ வெக்கம்ன்ற. நான் இன்னாண்ணா பண்ணேன்? எனக்குப் பொறந்த வூடு வேணாமா?" என்று கத்திவிட்டேன். கத்தியதும் அழுகை வந்துவிட்டது.

அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இந்தப் பொங்கலுக்கு வரேன்," என்றான். "வரிசைய நானே எட்த்துகினு வரேன். மாப்ளகிட்ட சொல்லிடு."

வந்து சொன்னேன். "வரட்டும், வரட்டும்," என்றார் இவர். அன்றைக்கு மாத்திரையை நான் ஞாபகப்படுத்தாமலே எடுத்துப் போட்டுக்கொண்டார். அண்ணன் வந்தால் என்ன பேசவேண்டும் என்பதைக்கூட யோசித்து வைத்திருந்தார். "அரசியலே பேசப் போறதில்ல. கிரிக்கெட்டு பேசலாம்," என்றார்.

மார்கழியில் ஒரு காலை. நான் வாசலில் கோலத்தை முடித்துவிட்டு நின்றிருந்தேன். கம்பெனி வேன் தெருமுனையில் அவரை இறக்கிவிட்டுப் போவதுதான் வழக்கம். அன்றைக்கு அது தெருவுக்குள் வந்தது. டிரைவர் இறங்கி, என் முகத்தைப் பார்க்காமல், "அம்மா, பக்கத்துல ஆம்பளைங்க யாருனா இருந்தா கூப்புடுங்க," என்றார். சிறுசேரியிலிருந்து இவர் ஜன்னலில் சாய்ந்தபடியே வந்திருக்கிறார். அசந்து தூங்குகிறார் என்று கூட வந்தவர்கள் எழுப்பாமல் விட்டிருக்கிறார்கள். ராத்திரியெல்லாம் விழித்த ஆட்களை அந்த வேனில் யாரும் எழுப்ப மாட்டார்கள். எல்லாருக்கும் தூக்கம் அவ்வளவு முக்கியம்.

கூடத்தில் ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். சொந்தக்காரர்கள் வந்தார்கள், மேளம் வந்தது, மாலைகள் வந்தன. எடுக்கலாம் என்றபோது கூட்டத்தில் யாரோ பெண்பிள்ளை கேட்டாள், "பொறந்த வூட்டுக் கோடி வந்துச்சா?"

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். புருஷன் போய்விட்டால் பெண்டாட்டிக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுப்புடவை வரவேண்டும். கூடப் பிறந்தவன் கொண்டுவந்து தங்கச்சியின் தோளில் போர்த்தவேண்டும். அது வராமல் பிணத்தைத் தூக்க மாட்டார்கள். எல்லாரும் காத்திருந்தார்கள்.

அண்ணன் வந்தான். அக்குளில் ஒரு ஜவுளிக்கடைப் பை. கீழே தெருவில் செருப்பைக் கழற்றிவிட்டு, முதல் படிக்கு முன்னால் நின்றுவிட்டான். அவன் கண் அந்தச் செருப்பின் மேலேயே இருந்தது. "ஏறுப்பா, நேரமாவுது" என்று யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளினார்கள். நான் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை சாமியிடம் கேட்டேன். அண்ணன் என் வீட்டுப் படி ஏறினான்.

புடவையைப் பிரித்து என் தோளில் போர்த்தினான். கஞ்சி வாசனை அடித்தது. அப்புறம் குனிந்து, பெட்டிக் கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்தான்.

"நீ சொன்னதுதான் மாப்ள கரெக்ட்டு," என்று சத்தமாகச் சொன்னான். "நமக்கும் போட்டுட்டான் மாப்ள. நீதான் ஜெயிச்ச. நான் தோத்துட்டேன் மாப்ள."

எனக்கு எங்கிருந்து அத்தனை ஆத்திரம் வந்ததோ. எழுந்து அவன் சட்டையைப் பிடித்தேன். பிறந்ததிலிருந்து நான் அவனை 'டா' போட்டதில்லை. "இப்ப யாருக்குடா சொல்ற? கேக்க ஆளு இருந்தப்ப சொல்றதுக்கு இன்னாடா? உன்னாண்ட கிரிக்கெட்டு பேசணும்னு வச்சினு இருந்தாருடா!" என்று அவன் மார்பில் அடித்தேன். பெண்கள் வந்து என்னை இழுத்தார்கள். அவன் விலகவே இல்லை, அடி என்று நின்றுகொண்டிருந்தான்.

அந்த வருஷம் எங்களுக்குப் பொங்கல் கிடையாது. சாவு விழுந்த வீட்டில் பானை வைப்பதில்லை. பீரோவைத் திறந்தால் மேல் தட்டில் அந்த மாம்பழ மஞ்சள் புடவை மடிப்புக் கலையாமல் இருக்கிறது. அண்ணன் வந்தால் கட்டிக்கொள்கிறேன் என்று வைத்தது. அண்ணன் வந்தான், நான் கோடியைக் கட்டிக்கொண்டேன்.