ஏலக்காய் ஸ்டோரில் என் டபுள் பேஸ்

டபுள் பேஸ் என்றால் வயலினுக்குப் பெரியப்பா. ஆறடி உயரம், நாலு கம்பி, நல்ல தொப்பை. நின்றபடி கட்டிப்பிடித்துத்தான் வாசிக்க வேண்டும். கிழக்குப் பாலக்காட்டில் தென்னையும் நெல்லுமாகப் பிழைக்கிற குடும்பத்தில் பிறந்த எனக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காத ஆள் கிடையாது. ஒருமுறை கோபாலபுரம் பஸ்ஸில் ஏற்றியபோது கண்டக்டர் அதற்கும் ஒரு முழு டிக்கெட் கிழித்தார். "இதுக்கு வயசு பத்துகூட ஆகலீங்க, அரை டிக்கெட் போடுங்க" என்றேன். "உசரத்தப் பாத்தா அப்படித் தெரியலீங்களே" என்று நகர்ந்துவிட்டார்.

எங்கள் கல்யாணக் கச்சேரிக் குழுவை நடத்துகிறவர் கீபோர்டுக்காரர். கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் என் பேஸின் சத்தம் அவருடைய இடது கையிலேயே வந்துவிடும். அதை அடிக்கடி எனக்குச் செய்தும் காட்டுவார், படுபாவி. உடும்பஞ்சோலைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்து வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பும்போதும் ஆரம்பித்தார்.

"ஏனுங்க, இத்தாப் பெரிய சாமானத்தத் தூக்கிட்டு மலையேறோணுமா? ஒருக்கா இது இல்லாம வாசிச்சுப் பாப்போமுங்க. யாருக்காச்சும் தெரியுதான்னு பாத்துருவோம்."

நான் இல்லாமல் ஒரு கச்சேரி நடந்து, அதை யாரும் கவனிக்கவும் இல்லையென்றால் என் கதை முடிந்தது. "நான் செத்தாத்தான் அது நடக்கும்!" என்று கத்திவிட்டு பேஸை ஏற்றினேன்.

மலையில் நல்ல மழை. கடைசிக் கொஞ்ச தூரத்துக்கு ஜீப்தான். பேஸைக் கூரைமேல் கட்டியிருந்தோம். மூன்றாவது வளைவில் தார்ப்பாய் பறந்துபோய், உறையெல்லாம் தொப்பலாக நனைந்துவிட்டது. தோட்டத்தில் இறங்கியதும், இறக்க வந்த மனிதரிடம் என் கோபத்தையெல்லாம் கொட்டினேன்.

"ஈரம் ஆகாதுன்னா ஆகாது! ஒரு சொட்டுத் தண்ணி நிக்கக் கூடாது! நின்னா தொலைச்சுப்போடுவேன்!"

மனிதர் அவசரமாகத் தன் துண்டால் உறையைத் துடைத்தார். "சரி சாரே, நான் பாத்துக்கிறேன்" என்றார். நான் நிம்மதியாகச் சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டேன். எழுந்து பேஸ் எங்கே என்று கேட்டால், "காயப் போட்டிருக்கு சாரே" என்றார்.

அவர் அந்தத் தோட்டத்து ஸ்டோர்க்காரர். ஸ்டோர் என்றால் பச்சை ஏலக்காயை விறகுச் சூட்டில் காய வைக்கிற அறை. மழைக்காலத்தில் அந்த ஊருக்கே அதுதான் வெயில். பள்ளிக்கூட யூனிஃபார்ம், ரேஷன் கார்டு, பட்டுச்சேலை என்று நனைந்தது எதுவானாலும் அங்கே போய்த்தான் உயிர் பிழைக்கும். ஏலக்காய்த் தட்டுகளுக்கு நடுவே, மாப்பிள்ளையின் சாக்ஸுக்குப் பக்கத்தில், என் பேஸ் மல்லாந்து கிடந்தது. ஐயோ, பசையெல்லாம் விட்டுப்போய் முன்பலகை ஒருபக்கம், கழுத்து ஒருபக்கம்.

"ஒரு சொட்டு ஈரம் இல்ல, தொட்டுப் பாருங்க" என்றார் பெருமையாக. "நடுவுல ஒருதரம் திருப்பியும் போட்டேன். இது மடக்குற சாமானா சாரே? தானாப் பிரிஞ்சு வந்துருச்சு."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அழுகையும் வந்தது. பிறகு இருவருமாகப் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி இறுக்கிக் கட்டினோம். கம்பியை முறுக்கினேன். கழுத்து பிய்த்துக்கொண்டு வந்து என் நெற்றியில் மோதியது. சத்தம் கேட்டு வந்த கீபோர்டுக்காரர் குனிந்து மோந்து பார்த்தார். "வாசமா இருக்குதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மேடைக்குப் போனார்.

சாயங்காலம் கச்சேரி தொடங்கியது. நெற்றி வீக்கத்தோடு கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், என்னமோ குறைகிறதே என்று முகம் சுளிக்க மாட்டார்களா என்று ஒவ்வொரு தலையாகப் பார்த்தேன். பெண் வீட்டார் எழுந்து ஆடவே ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்டோர்க்காரர் தயங்கித் தயங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்றாவது பாட்டில் மெல்லக் கேட்டார்.

"அது இல்லாம பாட்டு சப்புன்னு இருக்குல்ல சாரே?"

அவர் கண் கலங்கியிருந்தது. அப்போதுதான் கவனித்தேன், என் வலது கால் தன்பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

"ஆமாங்க, சப்புன்னுதான் இருக்குது" என்றேன்.