எக்ஸ்பிரஸ் கட்டிய ஒத்திகை அறை

வீட்டில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். எதிராளி வாயைத் திறப்பதற்குள் பதிலைச் சொல்லிவிடுவாள். அண்ணன் அவளுக்கு நேர் எதிர். சிறு வயதிலிருந்தே அவருக்குத் திக்கும். பல் கட்டும் பட்டறையில் வேலை. ஊரார் வாய்க்கெல்லாம் அளவெடுத்துப் பல் செட் செய்து கொடுத்துவிட்டு, தன் வாயை மட்டும் மூடியே வைத்திருந்தார்.

அந்த அண்ணனுக்காகத்தான், வங்கிகளுக்குச் செயலி செய்து கொடுக்கும் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, திக்கிப் பேசுகிறவர்களுக்கென்று ஒரு செயலி கட்டினாள். அதில் யாரும் டைப் செய்யவேண்டாம், முகம் காட்டவேண்டாம். குரலைப் பதிவு செய்து குழுவில் போட்டால் போதும். ஆட்கள் மளமளவென்று சேர்ந்தார்கள். பத்து வருஷம் வாய்க்குள் கிடந்த கதையெல்லாம் வெளியே வந்தது.

கதை சரி, காசு? புருஷனோடு ஒரு பேச்சு இருந்தது. வருஷம் முடிவதற்குள் செயலி வீட்டு வாடகையையாவது கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் பழைய ஆபீஸ்தான்.

"அதெல்லாம் ஜுஜுபி. நீங்க பாத்துக்கிட்டே இருங்க" என்று சொன்னவள், அந்த வாரமே விலை வைத்தாள். ஒரு நிமிஷம் வரை பேசினால் இலவசம். அதற்கு மேல் பேச மாதச் சந்தா. திரையின் மூலையில் வினாடிகள் சிவப்பாகக் குறைந்துகொண்டே வரும். பார்க்க அம்சமாக இருந்தது. தன் கையே தனக்கு உதவி என்று தோளைத் தட்டிக்கொண்டாள்.

சந்தா கட்ட ஒரு ஈ காக்கை வரவில்லை. அதைவிட மோசம், பேச்சே சுருங்கிப்போயிற்று. 'சரி', 'ஆமா', 'அப்புறம் சொல்றேன்'. பிறகு ஒவ்வொருவராக நழுவ ஆரம்பித்தார்கள். சர்வரைத் திட்டினாள், புது அப்டேட்டைத் திட்டினாள். திட்டுவதற்கு வேறு எதுவும் மிச்சமில்லாதபோது பட்டறைக்குப் போனாள்.

அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கடைவாய்ப் பல்லை ராவிக்கொண்டிருந்தார்.

"நீ... நீ அந்த நிமிஷக் கணக்கு..."

"சிவப்பா இருக்கறது கண்ணை உறுத்துதா? நீலமா மாத்திடறேன். புரிஞ்சுது, புரிஞ்சுது. அடுத்து?"

"இ... இல்ல, அந்த..."

"ரெண்டு நிமிஷமா ஆக்கணும், அதானே?"

அண்ணன் அரத்தைக் கீழே வைத்தார். போலீஸ்காரர் வண்டியை நிறுத்துவதுபோல் கையைக் காட்டினார். எக்ஸ்பிரஸ் நின்றது. அதற்கு அது சுலபமான காரியமில்லை.

"நீ ஒ... ஒரு நிமிஷத்துல சொல்றதுக்கு எனக்கு நா... நாலு நிமிஷம் ஆகும். அந்த மூணு நிமிஷத்துக்குத்தான் நீ கா... காசு கேக்கற. கடிகாரத்தப் பாத்தா இன்னும் திக்கும்."

அவளுக்குப் பொட்டில் அறைந்தாற்போல் இருந்தது. யாருக்காகக் கட்டினாளோ அவர்களின் திக்கலுக்கே விலை போட்டிருக்கிறாள்! வெட்கத்தில் காது சுட்டது. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து, கடிகாரத்தையும் சந்தாவையும் பிடுங்கி எறிந்தாள். பிறகு குழுவில், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள்: "எங்க பேசத்தான் ரொம்ப பயம்?"

பதில்கள் நீளநீளமாக வந்தன. வேலைக்கான நேர்காணல். வங்கிக்குப் போன். பெண் கேட்டுப் போகிற வீடு. பயப்படும் இடத்துக்குப் போவதற்கு முன்னால் ஒருமுறை பேசிப் பார்க்க முடிந்தால்? அப்படித்தான் ஒத்திகை அறை வந்தது. மேலாளராகவோ மாமனாராகவோ எதிரில் பேச இன்னொரு உறுப்பினர் வருவார். ஒத்திகைக்குக் கட்டணம் உண்டு, அதில் பாதி நடிக்கிறவருக்கு. எவ்வளவு நேரம் ஆனாலும் ஒரே விலை.

இந்தத் தடவை குறி தப்பவில்லை. நேர்காணலில் தேறியவர்களே அடுத்தவர்களைக் கூட்டிவந்தார்கள். வருஷம் முடிவதற்கு முன்பே வாடகை செயலியிலிருந்து போயிற்று. புருஷன் பழைய ஆபீஸ் பேச்சையே எடுப்பதில்லை.

நடிப்பவர்களில் எல்லோரும் அடித்துப்பிடித்துக் கேட்டது அண்ணனைத்தான். 'அவசர அதிகாரி' என்பது அவர் வேஷம். இவரிடம் தாக்குப்பிடித்தால் எவரிடமும் பேசலாமாம். வாயே திறக்காத மனுஷன் அப்படி என்னதான் பேசுகிறார்? ஒத்திகையை மூன்றாம் ஆள் கேட்க முடியாதபடி பூட்டியவளே அவள்தான். ஆகவே மற்றவர்களைப்போலவே பணம் கட்டி, வேறு பெயரில் உள்ளே போனாள்.

"சார், என் கார்டு..." என்றாள், குரலை மாற்றி.

"தொலைஞ்சுபோச்சா? பஸ்லயா, கடையிலயா? பிளாக் பண்ணணும், அதானே? புரிஞ்சுது, புரிஞ்சுது. அடுத்து?"

ஒரு இடத்தில்கூடத் தடங்கல் இல்லை. அச்சு அசல் அவளேதான். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கியபோது கண் நிறைந்திருந்தது. இத்தனை வருஷமும் அண்ணன் எதிரில் உட்கார்ந்திருந்த அவசர அதிகாரி யார் என்று தெரிந்துவிட்டது.

"அண்ணா, நான்தான்."

"தெ... தெரியும்" என்றார் அண்ணன், தன் சொந்தக் குரலில். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "உ... உன்ன மாதிரி பேசறப்ப மட்டும் எனக்கு..."

கடைசி வார்த்தைகள் அவள் நாக்கின் நுனியில் வந்து நின்றன. உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். திரையில் எந்தக் கடிகாரமும் ஓடவில்லை.

"...தி... திக்கறதே இல்ல" என்று அண்ணன் சொல்லி முடித்தார்.