பூகம்பத்துக்கு விழாத தூண்கள்

அபர்டீன் பஜாரின் பின்தெருவில் அந்தப் பள்ளிவாசலின் பளிங்கைப் பார்த்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. அன்று எரிந்தது வேறு காரணத்துக்காக.

என் அப்பா கட்டட காண்ட்ராக்டர். பரமக்குடிப் பக்கத்திலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலேறி வந்தவர். பெரிய பூகம்பத்தில் பள்ளிவாசலின் சிமெண்டு மினாரா விரிசல் விட்டது. அதைச் சரிசெய்யத்தான் அப்பாவைக் கூப்பிட்டார்கள். அதற்குள் கமிட்டியின் ஆசை வளர்ந்துவிட்டது. பழைய தொழுகைக் கூடத்தையும் இடித்து, குவிமாடம் வைத்துப் பளிங்கில் கட்ட வேண்டுமாம்.

அந்தக் கூடம் முழுக்க மரம். செக்கச் சிவந்த படாக் தூண்கள், ஆணியே இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று செருகிய உத்தரங்கள், சாரல் உள்ளே அடிக்காதபடி தாழ இறங்கிய தகரக் கூரை. தண்டனை முடிந்தும் ஊர் திரும்ப வழியில்லாத கைதிகள், காட்டிலிருந்து மரம் இழுத்து வந்து கட்டியது. பூகம்பத்தில் ஆடியது; விழவில்லை.

அளவெடுக்கப் போன அப்பாவோடு நானும் போயிருந்தேன். எங்கள் எதிர்வீட்டுச் சாச்சி வாசலிலேயே வழிமறித்தார். அந்தக் கைதிகளில் ஒருவரின் பேத்தி அவர்.

“என்ன காண்ட்ராக்டர் சாப், பூகம்பமே விட்டுவச்ச தூணை நீங்க அறுக்கப் போறீங்களா? சங்கிலி போட்டுக் கொண்டாந்த ஆளுங்க கட்டுனது இது! மெயின்லேண்ட் மாதிரி வேணும்னா மெயின்லேண்டுக்கே போகச் சொல்லுங்க. ஷரம் இல்ல? வெக்கமா இல்ல?”

தெருவே திரும்பிப் பார்த்தது. எனக்கு ஆத்திரம் பொங்கியது. இடிக்கச் சொன்னவர்கள் உள்ளே ஃபேனுக்கடியில் டீ குடிக்கிறார்கள், திட்டு மட்டும் என் அப்பாவுக்கா?

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். தூண்களின் அடியை மட்டும் கான்கிரீட்டில் நிறுத்தினால் போதும், கூடம் இன்னும் பல காலம் நிற்கும் என்று அவர் வாதாடியது வெளியே கேட்டது.

“உங்களுக்கு எதுக்கு இந்த டென்ஷன்? புதுசா வேணும்னு சொல்லியாச்சு. பஸ், அவ்வளவுதான்” என்றார் தலைவர்.

அப்பா அந்த வேலையே வேண்டாமென்று வெளியே வந்துவிட்டார்.

வழியெல்லாம் சண்டை பிடித்தேன். “அவங்க அவ்வளவு திட்டுறாங்க, நீங்க ஏன்ப்பா சும்மா நின்னீங்க?”

“என்னை எங்கேம்மா திட்டினாங்க?” என்றார்.

வேறொருவர் வந்து இடித்தார். தூண்களை அறுத்து, ஹேவ்லாக் தீவின் ரிசார்ட் ஒன்றுக்குச் சாப்பாட்டு மேசைகளாகக் கொண்டுபோனார்கள். நான் சாச்சியோடு பேசுவதையே விட்டிருந்தேன்.

வேறு சாமி கும்பிடும் என் அப்பா அந்தக் கமிட்டியின் முன்னால் போய் உட்காரலாம். கூடத்தைக் கட்டியவரின் பேத்திக்கு அங்கே இடம் கிடையாது. கமிட்டிக்காரர்கள் இருந்த பக்கம் திறந்திருந்த ஜன்னல்களைப் பார்த்துத்தான் சாச்சி அத்தனை உரக்கக் கத்தினார் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.