கார்னெட் மவுத்பீசும் ஊராரின் நல்ல மனசும்

பேண்டு செட்டில் கார்னெட் என்கிற பித்தளை ஊதுகுழல் வாசிக்கிறவனுக்கு ஊதுவது பாதி வேலைதான். மீதிப் பாதி, மவுத்பீசை நல்ல மனசுக்காரர்களிடமிருந்து காப்பாற்றுவது. கார்னெட்டின் நுனியில் செருகி உதட்டில் வைத்து ஊதுகிற, காம்பு வைத்த சின்னக் கிண்ணம்தான் மவுத்பீஸ். உள்ளே பித்தளை, மேலே வெள்ளி முலாம். முலாம் போய்ப் பித்தளை வெளியே வந்தால் களிம்பு ஏறும், உதடு புண்ணாகும். புண்ணான உதட்டில் பாட்டு வராது.

தருமபுரியில் எங்கள் செட்டை நடத்திய சவரிமுத்து மாஸ்டர், பெங்களூர் தண்டில், அதாவது கண்டோன்மெண்டில், பட்டாளத்து பேண்டில் ஊதிவிட்டு வந்தவர். மவுத்பீசைத் துலக்கும் முறையை எங்களுக்கு ஜெபம் மாதிரி சொல்லிக் கொடுத்தார். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, உள்ளே விட ஒரு கோழி இறகு, துடைக்கப் பழைய மல் துணி. புளி, சாம்பல், செங்கல் தூள் மூன்றும் கிட்டவே வரக்கூடாது. பித்தளையைக் கண்டதும் புளியைத் தேடுகிற ஊரில் இந்தச் சட்டத்தை யாரிடம் போய்ச் சொல்வது? மூக்குக்கண்ணாடியை முந்தானையில் அழுத்தித் துடைத்துத் தரும் மாமியார் வாய்த்தவர்களே, பேனாவை இரவல் கொடுத்து வளைந்த நிப்போடு திரும்ப வாங்கியவர்களே, உங்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

இண்டூரில் ஊதுவத்தி

தருமபுரிக்குப் பக்கத்தில் இண்டூரில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து இலை போட்டார்கள். நான் மவுத்பீசைக் கழுவி, மாடத்தில் துணி விரித்துக் காயவைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். பாயசம் குடித்துவிட்டு வந்து பார்த்தால் துணி மட்டும் இருக்கிறது. ஊர்வலத்துக்கு மாஸ்டர் அவசரப்படுத்துகிறார். வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே வீடு முழுக்கத் தேடி, கடைசியில் சாமி அறையில் எட்டிப் பார்த்தேன். மணப்பெண்ணின் பெரியம்மா குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்திருக்கிறார். பிறகு கிண்ணத்தைக் கவிழ்த்து, மேலே நீட்டிய காம்பின் ஓட்டையில் இரண்டு ஊதுவத்தியைச் செருகி முருகன் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறார். அதற்கென்றே செய்தது போல அளவு பொருந்தியிருந்தது.

கோபத்தில் அது என்ன சாமான், காலையிலிருந்து அது எங்கே இருந்தது என்பதை விளக்கமாகவே சொல்லிவிட்டேன். விளிம்பில் முலாம் கரைந்து மஞ்சள் தெரிவதை நான் காட்டிப் புலம்பியது அந்த அம்மாள் காதில் விழவே இல்லை. தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். "சாமி இவ்ளோ நேரமா உங்க எச்சில மோந்துக்கிட்டு நின்னிருக்குதுங்களே, அதுக்கு யாருங்க பதில் சொல்றது?"

தொப்பூர் மேட்டில் குறடு

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடின. ஓடின என்பது மரியாதைக்குச் சொல்வது. சேலம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது தொப்பூர் மேட்டில் வண்டி மூச்சு விட்டு நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால், என் கார்னெட் பெட்டியின்மேல் யாரோ மிளகாய் மூட்டையை ஏற்றியிருந்தார்கள். மவுத்பீஸ் குழலுக்குள் போய் இறுகிக்கொண்டது. பஸ்ஸில் வந்தவர்கள் ஆளாளுக்கு இழுத்துப் பார்த்தார்கள். வண்டியைத் தள்ள வராதவர்கள்கூட இதற்கு வந்தார்கள்.

டிரைவர் குறடோடு வந்தார். குறடு பட்டால் மிச்ச முலாமும் சுரண்டிக்கொண்டு போய்விடும். நான் கார்னெட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். ரேடியேட்டரில் கொதிக்கிற தண்ணீரில் ஒரு சொம்பு வாங்கி, குழலின் மேல் மட்டும் ஊற்றி, மவுத்பீசில் ஈரத்துணியைச் சுற்றி, அவசரப்படாமல் திருகினேன். ஒருவழியாகக் கழன்று வந்தது. அதைக் கழுவி, இறகு விட்டு, மல் துணியில் துடைத்து மடியில் வைத்துக்கொள்ளும் வரைக்கும் டிரைவர் குறடும் கையுமாகப் பார்த்துக்கொண்டே நின்றார். "இந்தப் பக்குவத்துல ஒருத்தன் என் இன்ஜினப் பாத்திருந்தான்னா, இந்நேரம் நாம தருமபுரி போயி சாப்புட்டு கை கழுவியிருப்போமுங்க."

மாஸ்டர் வைத்த கெடு

இண்டூர்ப் புளி தொடங்கி வைத்ததை என் எச்சிலும் வியர்வையும் முடித்து வைத்தன. விளிம்பு முழுக்கப் பித்தளை; உதடு முழுக்கக் கொப்புளம். புது மவுத்பீஸ் கப்பலில் வர வேண்டும், கப்பலெல்லாம் சண்டைக்குப் போயிருந்தது. பெங்களூரில் முலாம் போடுகிறவர்களும் பட்டாளத்து வேலையைத் தவிர எதையும் தொடவில்லை. ஒரு மாப்பிள்ளை அழைப்பில் உதடு வெடித்து, பாட்டு நடுவழியில் நின்றது. அவமானத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாஸ்டர் திட்டவில்லை; திட்டியிருந்தால் தேவலை. தை முகூர்த்தத்துக்குள் உதடு ஆற வேண்டும், இல்லாவிட்டால் கார்னெட் வேறொருவனுக்கு, எனக்குப் பெரிய ட்ரம் என்றார். முன்வரிசையில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தவன் கடைசி வரிசையில் தோலை மொத்துவதா என்று நான் கத்தினேன். கத்தினதில் உதடு மறுபடி வெடித்தது. மாஸ்டர் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். "ட்ரம் அடிக்க உதடு வேணாம்பா. கை ரெண்டும் நல்லாத்தான இருக்குது?"

காதர் பாயின் தாராளம்

வெள்ளி இல்லாவிட்டால் ஈயமாவது மூடட்டும் என்று தருமபுரிக் கடைத்தெருவில் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிற காதர் பாயிடம் போனேன். விளிம்புக்கு மட்டும் பூசச் சொல்லிக் கொடுத்துவிட்டு, டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது மவுத்பீஸ் பளபளத்தது. ஆசையாக வாயில் வைத்து ஊதினேன். காற்றுப் போகவில்லை. கண் பிதுங்க ஊதினேன். அப்போதும் போகவில்லை. கிண்ணத்தின் அடியில் ஓட்டை இருப்பதைப் பார்த்த பாய், அதையும் சும்மாவே பற்று வைத்து அடைத்துக் கொடுத்திருந்தார்.

அதுதானய்யா காற்றுப் போகிற வழி என்று தெருவே கூடும்படி சத்தம் போட்டேன். அடைப்பை உருக்கி எடுத்ததில் விளிம்பில் பூசிய ஈயமும் கூடவே ஓடிவிட்டது. பழைய பித்தளை பழையபடி என்னைப் பார்த்து இளித்தது. பாய் துருத்தியை விடாமல் அமுக்கிக்கொண்டே பேசினார். "எங்கிட்ட வர்ற பாத்திரமெல்லாம் ஓட்டைய அடைக்கத்தானுங்க வரும். ஓட்டை வேணும்னு ஒரு பாத்திரம் வரும்னு எங்க அத்தா எனக்குச் சொல்லித் தரலைங்களே."

ராசம்மாவின் மெட்டி

மார்கழி முடியப்போகிறது. உதடு ஆறவில்லை. வீட்டில் சோறு குழைந்தால் நான் சத்தம் போடுவேன், குழையாவிட்டாலும் சத்தம். என் மனைவி ராசம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மத்தியானம் பார்த்தால், காலை நீட்டி உட்கார்ந்து, விரலில் ஜோடியாகக் கிடந்த மெட்டிகளில் ஒன்றைச் சோப்புப் போட்டுக் கழற்றுகிறாள். இன்னொன்று விரலிலேயே இருந்ததால் என் ஆயுசுக்குக் குறைவில்லை. இதை ஆசாரியிடம் கொடுத்து விளிம்புக்கு வளையம் போட்டுக்கொள்ளுங்கள், முழுசும் வெள்ளி, எவள் புளி போட்டாலும் போகாது என்றாள்.

ஆசாரி மெட்டியை உருக்கி வளையமாக்கி, பற்றவைத்து, மழமழவென்று ராவிக் கொடுத்தார். உதடு ஆறியது. மாஸ்டர் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, பெரிய ட்ரம்மை வேறொருவன் தோளில் மாட்டினார். தை மாத முதல் கல்யாணத்துக்குப் புறப்படும்போது, மவுத்பீசை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைத்து உதட்டில் வைத்துப் பார்த்தேன். அவளிடம் நல்ல வார்த்தை ஒன்று சொல்ல வேண்டும் போல இருந்தது, திரும்பிப் பார்த்தேன். அவள் கதவில் சாய்ந்து நின்று சிரிக்காமல் சொன்னாள்: "என் கால்ல கெடந்தத ஊருக்கு முன்னால வாயில வெச்சுக்கிட்டு நடக்கப் போறீங்க. இனிமே வூட்ல எம்மேல சத்தம் போடறதுன்னா, மொதல்ல அத ஒரு தடவ நெனச்சுக்குங்க."

அன்று முதல் எங்கள் வீட்டில் சத்தம் போடுகிற பொறுப்பு முழுவதும் கார்னெட்டிடமே ஒப்படைக்கப்பட்டது.