வாசலில் ஊற்றிய கொதிநீர்

லண்டனுக்கு வருமுன் ஜப்பானின் வடக்கே ஒரு சின்ன ஊரில் இரண்டு வருடம் இருந்தேன். பழைய கார் உடைக்கும் யார்ட்டில் வேலை. ஊருக்கு ஒரே ஒரு பெரிய தெரு. பிள்ளைகள் இல்லாமல் பள்ளிக்கூடம் பூட்டியாயிற்று. இளம் ஆட்கள் பட்டணம் போய்விட்டார்கள். மிச்சம் வயதானவர்களும் பனியும்தான். ஆள் உயரத்துக்குப் பனி கொட்டும். தெரு எங்கே முடிகிறது என்று தெரிய ஓரத்தில் நீளத் தடிகள் நட்டிருப்பார்கள்.

விடிந்ததும் அவரவர் வாசல் பனியை அள்ள வேண்டும். ஏழு மணிக்கும் அள்ளாத வாசலைக் கண்டால் பக்கத்து வீட்டார் வந்து கதவைத் தட்டுவார்கள். உள்ளே ஆள் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க.

எனக்குப் பனி அள்ளும் சவள் பிடித்து முதுகு விட்டுப்போயிற்று. ஒரு பின்னேரம் இரண்டு கேத்தல் கொதிநீரைப் படியில் ஊற்றினேன். பனி கரைந்து ஓடியது. காலையில் வேலை மிச்சம் என்று படுத்துவிட்டேன்.

விடிய அந்தத் தண்ணீர் கண்ணாடியாய் இறுகி, மேலே புதுப்பனி மூடிக் கிடந்தது. நான் எழும்பவில்லை. தட்ட வந்தவர் எழுபது தாண்டிய பக்கத்து வீட்டு அம்மா. அவர் படியில் வழுக்கி விழுந்த சத்தத்தில்தான் முழித்தேன். இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது.

ஒருவரும் ஏசவில்லை. அடுத்த நாளிலிருந்து நான் எழும்பு முன்பே யாரோ என் வாசலை அள்ளியிருந்தார்கள். நல்ல சனம் என்று யார்ட் முதலாளியிடம் சொன்னேன். அவர் எங்கட தமிழ் ஆள்.

"விசரா, அது இரக்கமில்லை. உன்னை நம்பி வாசலை விட ஏலாது எண்டுதான் அந்தச் சனம் அள்ளுது."

2009 மாசியில் லண்டனில் பனி கொட்டியது. நாங்கள் இருந்த நோர்பரியில் பஸ் நின்றுவிட்டது. மனைவி கேத்தலோடு வாசலுக்கு வந்தாள்.

"விலகுங்கோ. ஊத்தினா ஒரு நிமிசத்திலை முடிஞ்சிடும்."

"ஊத்தாதை."

"ஓ, ஜப்பான்காரர் சொல்லுறார். சவளும் இல்லை, என்னத்தாலை அள்ளப் போறியள்?"

அன்றுதான் அவளுக்குச் சொன்னேன். கேத்தலைப் பிடித்தபடி நின்று கேட்டாள்.

"அந்த மனுசி பிறகு எழும்பி நடந்தவவோ?"

"இல்லை."

உள்ளே போய் கேக் போடும் தட்டு இரண்டோடு வந்தாள். எங்கள் வாசலை அள்ளினோம். பக்கத்து வீட்டில் தனியே இருக்கும் வெள்ளைக் கிழவரின் வாசல் அப்படியே கிடந்தது. அதையும் அள்ளிவிட்டுக் கதவைத் தட்டினேன். கன நேரம் சத்தமில்லை. பிறகு யாரென்று உள்ளேயிருந்து சினத்தோடு கேட்டார்.

ஆள் உயிரோடுதான். பக்கத்து வீடு என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.