ஒட்சிசனும் ஆக்ஸிஜனும்

வேலூரில் நான் சிகிச்சை பெற்ற நாட்களில், காலையில் ஒரு பெண்மணி என்னைக் கண்டதும் முதலில் செய்தது என் தலையை முகர்ந்து பார்ப்பதுதான். குனிந்து, உச்சந்தலையருகே மூக்கைக் கொண்டுவந்து, ஒரு முறை மூச்சை இழுப்பார். பிறகு, “எண்ணெ வைக்கல இல்ல?” என்று கேட்பார். இல்லை என்றாலும் நம்பமாட்டார். முடிக்குள் விரலை விட்டுத் தேய்த்துப் பார்ப்பார். எங்கள் ஊரில் பிள்ளையை முழுகவார்த்த தாய்தான் அப்படி முகர்ந்து பார்ப்பாள். மீசை வைத்த ஆம்பிளையை, அதுவும் கடல் கடந்து வந்த அந்நியனை, நாலு பேர் பார்க்க ஒரு நேர்ஸ் முகர்ந்தால் எப்படி இருக்கும்? முதல் நாள் நான் ஆமையைப் போலக் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

காரணம் பிறகுதான் விளங்கியது. அந்த அறையின் நடுவே கண்ணாடி போலத் தெரியும் தடித்த பிளாஸ்டிக் குழாய் ஒன்று கிடந்தது. ஒரு ஆள் நீளம். படுத்தால் தோளுக்கு இருபுறமும் ஒரு சாண்கூட மிஞ்சாது. உள்ளே படுக்கவைத்துக் கதவை இறுக்கிப் பூட்டிவிட்டு, சுத்தமான பிராணவாயுவை அழுத்தமாக நிரப்புவார்கள். சாதாரணமாக மூச்சு விடும்போது கிடைப்பதைவிடப் பல மடங்கு வாயு இரத்தத்தில் கரையும். இரத்தம் சரியாக ஓடாத இடத்துக்கும் போய்ச் சேரும். சாகக் கிடக்கும் சதை பிழைக்க வாய்ப்புண்டு என்றார் டாக்டர். ஆனால் அந்த வாயுவுக்குள் எண்ணெய்ப் பிசுக்கும் நெருப்புப் பொறியும் சேர்ந்தால் முடிந்தது கதை. ஆகவே எண்ணெய் கூடாது, நைலான் கூடாது, சீப்பு, கைக்கடிகாரம், கடதாசி எதுவும் கூடாது. உடம்பில் ஒரு பருத்தி அங்கி மட்டும். நாங்கள் பள்ளிக்கூடத்தில் ஒட்சிசன் என்று படித்ததை இங்கே ஆக்ஸிஜன் என்கிறார்கள். “ஒட்சிசன்தானே மிஸி?” என்று நான் கேட்டதற்கு அந்தப் பெண்மணி, “மிஸ் இல்லீங்க, மிஸஸ். ரெண்டு புள்ளைங்க இருக்கு எனக்கு” என்றார். யாழ்ப்பாணத்தில் நேர்ஸ்மாரை மிஸி என்றுதான் கூப்பிடுவோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அன்றிலிருந்து அவரை இங்குள்ளவர்களைப் போலவே ‘சிஸ்டர்’ என்று கூப்பிடத் தொடங்கினேன். சிஸ்டர் எஸ்தர்.

நான் காரைநகரில் பிறந்தவன். கொழும்பில் ஒரு புடவைக்கடையில் கணக்கெழுதினேன். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு அங்கே இருக்க முடியாமல் ஊருக்குப் போய், ஊரிலும் இருக்க முடியாமல் படகேறி இந்தியா வந்தவன். முகாமில் சிலகாலம் இருந்தேன். அங்கே அறிமுகமான ஒருவர் மூலம் ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. கணக்கெழுதிய கைக்கு அங்கே கணக்கு வேலை இல்லை. ஈரத் தோலை இழுத்துப்போடும் வேலை. ஊரில் காற்றுக்கு உப்பு மணம். இங்கே காற்றுக்குச் சுண்ணாம்பும் ஊறிய தோலும் கலந்த ஒரு வாடை. பேருந்து ஆம்பூரை நெருங்கும்போதே மூக்கு அதைச் சொல்லிவிடும். அகதி என்பதால் ஆம்பூர் எல்லையை விட்டு வெளியே போவதென்றால் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகவேண்டும். திரும்பியதும் முகத்தைக் காட்டவேண்டும். கடலையும் தாண்டி வந்தவன், பக்கத்து ஊருக்குப் போவதற்கு ஒரு போலீஸ்காரருக்கு முன்னால் கை கட்டி நின்றேன்.

தொழிற்சாலையில் தோல்களைச் சுழற்றும் மரப் பீப்பாய்களை டிரம் என்பார்கள். ஒவ்வொன்றும் ஒரு சிறு அறையளவு பெரியது. ஒருநாள் அதன் கனத்த மரக்கதவைக் கழற்றி இறக்கும்போது என் ஈரக்கை வழுக்கியது. கதவு வலது பாதத்தின்மேல் விழுந்தது. எங்கள் மேஸ்திரி பாஷா பாய்தான் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆம்பூரில் கட்டுப்போட்டார்கள். சில நாட்களில் விரல்கள் கறுக்கத் தொடங்கின. வாடை வந்தது. தோல் வாடைக்குப் பழகிப்போன பாஷா பாயே முகத்தைத் திருப்பிக்கொண்டபோது எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. வேலூருக்கு அனுப்பினார்கள். கணுக்காலுக்கு மேலே காலை வெட்டி எடுப்பதா, அல்லது அந்தக் குழாயில் முயன்று பார்ப்பதா என்று டாக்டர் கேட்டார். யாராக இருந்தாலும் குழாய் என்றுதான் சொல்வார்கள். நானும் சொன்னேன்.

உள்ளே படுத்தேன். கதவு மூடியது. ‘உஸ்ஸ்’ என்ற ஒலி. மெல்லிய வெக்கை. காதுக்குள் யாரோ பெருவிரலை வைத்து அழுத்துவதுபோல் நோவு. விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள் என்று சிஸ்டர் ஒலிவாங்கியில் சொன்னார். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. பிறகு அவர் அழுத்தமானியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். என் தலை சுவரை நோக்கி இருந்தது. அறையில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று தெரியவில்லை. காலடி ஓசை மட்டும் கேட்டது. அவ்வளவுதான். என் கைகள் தாமாகவே குழாயை அடிக்கத் தொடங்கின.

“எனக்கு ஏலாது! நான் வெளிக்கிட வேணும்! கெதியா வெளிக்கிட வேணும்!” என்று கத்தினேன்.

சிஸ்டர் பதறி ஓடிவந்தார். “இன்னாது? வெளிக்கா? ஐயோ, உள்ள படுக்கறதுக்கு முன்னாடியே கேட்டேனே! கொஞ்சம் அடக்கிக்கோங்க. மெதுவாத்தான் எறக்க முடியும்.”

எங்களுக்கு வெளிக்கிடுவது என்றால் புறப்படுவது. இங்கே வெளிக்குப் போவது என்றால் வேறு. “இல்லை, இல்லை, வெளிக்கிட வேணும்!” என்று நான் மேலும் கத்த, அவர் ஓடிப்போய் ஒரு பெட்பேனை எடுத்துவந்து, “இதோ ரெடி, இதோ ரெடி” என்று குழாய்க்கு வெளியே தூக்கிக் காட்டினார். அழுத்தத்தைச் சட்டென்று இறக்க முடியாது. இறங்கி முடியும்வரை நான் உள்ளே அழுதபடி அடித்துக்கொண்டிருந்தேன். அவர் வெளியே பெட்பேனைப் பிடித்தபடி நின்றார். ஒரே மொழி பேசும் இரண்டு பேர். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று அந்தக் குழாய்க்குள் என்னைவிடத் தனித்த ஒருவன் உலகத்தில் இருந்திருக்கமாட்டான்.

வெளியே வந்ததும், “காலை எடுங்கோ. இதுக்குள்ளை இனிப் போகமாட்டன்” என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் கட்டாயப்படுத்தவில்லை. நாளைவரை யோசியுங்கள் என்று மட்டும் சொன்னார்.

பிற்பகலில் பாஷா பாய் ரொட்டியும் வாழைப்பழமுமாக வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குக் கோபம் பொங்கியது. “இன்னா தம்பி நீ? கால எடுத்துட்டா இன்னா பண்ணுவே? ஊருக்கும் போவ முடியாது, இங்கயும் நிக்க முடியாது. கொஞ்ச நேரம் படுத்துக்கினு இருக்கறது அவ்ளோ பேஜாரா கீதா உனக்கு?”

புண்ணுக்கு மருந்து வைத்துக்கொண்டிருந்த சிஸ்டர் எஸ்தர் நிமிராமலே, “அவர திட்டாதீங்க பாய். காலப் பத்தி பயம் இல்ல அவருக்கு. வேற ஏதோ இருக்கு” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “என்னங்க அது?” என்று கேட்டார்.

அதுவரை யாருக்கும் சொல்லாததை அந்த இருவருக்கும் சொன்னேன். கொழும்பில் நான் குடியிருந்தது ரயில்வேயில் வேலைபார்த்த ஒரு சிங்களவரின் வீட்டில். கலவரம் தெருவுக்குள் வந்தபோது அவரும் மனைவியும் என்னை மாடிப்படிக்குக் கீழே பழைய சாமான்கள் போடும் பொந்துக்குள் தள்ளி, வெளியே ஒரு அலுமாரியை நகர்த்தி வைத்தார்கள். நிமிர்ந்து உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. இருட்டைத் தாங்கலாம், இடுக்கத்தையும் தாங்கலாம். காலடி கேட்கும்போதெல்லாம் அது யாருடையது என்று தெரியாமல் இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை. வீட்டுக்காரரா, தீவட்டிக்காரரா? எல்லாம் அடங்கி அவர் அலுமாரியை நகர்த்தியபோது, என்னைக் காப்பாற்றிய அந்த மனிதரின் முகம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவரை முகத்தில் குத்தினேன். அவர் என் கைகளைப் பிடித்துக்கொண்டு தன் மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார்.

பாஷா பாய் வாழைப்பழத்தை உரித்து, எனக்குத் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் கட்டை முடித்துக் கையைக் கழுவினார். கழுவிக்கொண்டே, “சரி, வெளிய இன்னா நடக்குதுன்னு நான் சொல்லிக்கினே இருந்தா?” என்று கேட்டார்.

மறுநாள் என்னைத் திருப்பிப் படுக்கவைத்தார்கள். தலை ஜன்னல் பக்கம். கதவு மூடியதும் சிஸ்டர் ஒலிவாங்கியை வாயருகே வைத்துத் தொடங்கினார். “ஜன்னல்ல ஒரு காக்கா. இப்ப டாக்டர் வர்றாரு. ஒண்ணும் இல்ல, டீ கிளாச வெச்சிட்டுப் போறாரு. இப்ப வாட்ச்மேன்.” ஒவ்வொரு காலடிக்கும் ஒரு பெயர் வைத்தார். கைகளைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். அந்த முறை இறுதிவரை இருந்தேன்.

அந்த அறையில் அப்படி என்னதான் நடக்கும்? காக்கையும் வாட்ச்மேனும் தீர்ந்துபோக, சிஸ்டர் தன் வீட்டுக்கதையைச் சொல்லத் தொடங்கினார். சத்துவாச்சாரியில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். கணவர் வாத்தியார். சமையலறை எந்தப் பக்கம் வரவேண்டும் என்று கணவருக்கும் மாமியாருக்கும் தகராறு. “ஜெபம் பண்ணிட்டு வந்து மறுபடியும் சண்ட புடிக்கறாங்க” என்பார். சுவர் எழும்பியது, ஜன்னலுக்குச் சட்டம் வைத்தார்கள். காரைநகரில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் இப்போது யார் குளிக்கிறார்கள், கூரை இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் நான் கண்ணாலும் காணாத சத்துவாச்சாரி வீட்டில் அம்மிக்கல் எங்கே வரப்போகிறது என்பது தெரியும்.

ஒருநாள் அவர் ஜன்னல் சட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குரல் அறுந்தது. மின்விசிறி நின்றது. மின்சாரம் போய்விட்டது. வாயு உருளைகளிலிருந்து வந்துகொண்டுதான் இருந்தது, குரல்தான் வரவில்லை. அவருடைய வாய் அசைந்தது, எனக்குக் கேட்கவில்லை. வெளியே யாரோ ஓடினார்கள். யார்? மாடிப்படிக்கு அடியில் இருந்த அதே இருட்டு பட்டப்பகலில் என்மேல் வந்து கவிந்தது. முஷ்டியை ஓங்கிவிட்டேன்.

சிஸ்டர் எஸ்தர் குழாயின்மேல் இரண்டு உள்ளங்கைகளையும் அகல விரித்து வைத்து, முகத்தை என் முகத்துக்கு நேரே கொண்டுவந்தார். மேலே விளக்கைக் காட்டிக் கையை விரித்தார். மானியைக் காட்டித் தலையாட்டினார். தன் நெஞ்சைத் தொட்டுத் தரையைக் காட்டினார்: இங்கேதான் இருக்கிறேன். பிறகு, எங்கே விட்டாரோ அங்கிருந்தே கதையைக் கையால் தொடர்ந்தார். காற்றில் ஒரு ஜன்னல் வரைந்தார். விரல்களைக் கண்ணைச் சுற்றி வளைத்துக் கணவரின் மூக்குக்கண்ணாடியைக் காட்டினார். மாமியாரைப்போல் உதட்டைப் பிதுக்கி, இடுப்பில் கைவைத்து, அந்த ஜன்னல் கூடாது என்று தலையை வெட்டி வெட்டி ஆட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கச் சிரித்தேன். ஓங்கிய கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். டாக்டர் வந்து வால்வைக் கையால் திருகி மெல்ல அழுத்தத்தை இறக்கினார். உள்ளே குளிர்ந்து லேசாக மூடுபனி படர்ந்தபோதும் அந்தக் கைகள் அங்கிருந்து அகலவில்லை.

கதவு திறந்ததும் பார்த்தேன், அவருடைய ரவிக்கை வேர்வையில் ஒட்டியிருந்தது. “எனக்குத்தாங்க பயம். நான் வந்ததுலேர்ந்து கரண்டு போனதே இல்ல” என்று சொல்லிவிட்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் இரண்டு விரல்கள் போயின. பாதம் நின்றது. டாக்டர் கட்டைப் பிரித்து என்னையே பார்க்கச் சொன்னார். கறுப்பு பின்வாங்கி, ஓரத்தில் இளஞ்சிவப்பாகச் சதை வந்திருந்தது. அழகான கால் என்று சொல்லமுடியாது. நான் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பாஷா பாய் வந்து அழைத்துப்போனார். தோல் கிடங்கின் ஈரத்தில் இனி நிற்க முடியாது என்பதால், ஒரு ஷூ கம்பெனியில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு அவரே பேசி வைத்திருந்தார். ஷூவின் மேல்பாகத்துத் தையலைச் சரிபார்க்கும் வேலை. மாதனூர்ப் பக்கமிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் பெண்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்தேன். அவர்கள் என் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள்; பிறகு பழகிக்கொண்டார்கள். உண்மையில் அவர்கள் பழகவில்லை, நான்தான் மாறிக்கொண்டேன். ‘கெதியா’ போய் ‘சீக்கிரம்’ வந்தது. ‘ஏலாது’ போய் ‘முடியாது’ வந்தது. ‘வெளிக்கிட’ என்ற சொல்லை மட்டும் நானே பயந்து விட்டுவிட்டேன்.

கனடாவுக்கும் ஜெர்மனிக்கும் போய்ச்சேர்ந்த எங்கள் ஊர்க்காரர்களான நீங்கள், இந்தியாவில் தங்கிவிட்ட நாங்கள் மொழி தெரிந்த இடத்தில் இருக்கிறோம், கொடுத்துவைத்தவர்கள் என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இருக்கலாம். ஆனால் வெளிநாட்டில் இருப்பவனை எல்லோரும் வெளிநாட்டான் என்று பார்க்கிறார்கள். அவனுக்கும் தான் யாரென்பது தெரியும். இங்கே சுவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. முட்டிக்கொண்ட பிறகுதான் இருப்பது தெரிகிறது. ஊருக்குத் திரும்பக் கடல் விடவில்லை. இங்கேயே ஊன்றிக்கொள்ளச் சட்டம் விடவில்லை. இப்போதும் சென்னைக்குப் போகவேண்டுமென்றால் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.

போன மாதம் வேலை முடிந்து ஆம்பூர்க் கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு கணவனும் மனைவியும் கையில் பைகளோடு நின்று தயங்கினார்கள். அந்த மனிதர் என்னிடம் வந்து, இந்தியப் படங்களில் கேட்டுப் பழகிய தமிழைக் கவனமாகக் கோத்து, “ஐயா, பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போகணும்?” என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. “நேரா போய் லெஃப்ட்ல திரும்பிக்கோங்க. பக்கந்தான், ஜாஸ்தி தூரம் இல்ல” என்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டு மனைவியிடம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “இவடத்து ஆக்கள் நல்ல சனம் என்ன?”

காரைநகர்ப் பக்கத்துக் குரல். அல்லது அதற்கு அடுத்த ஊர். அவர்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினார்கள். சனத்துக்குள் மறைவதற்குள் கூப்பிட்டுவிட வேண்டும் என்று நொண்டிக்கொண்டு சில அடி ஓடினேன். அண்ணை, நில்லுங்கோ என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன்.

“ஏங்க!” என்று வந்தது.

கடைத்தெருவில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் இருவரும் திரும்பவில்லை.