வட்டியில்லாமல் வைக்க ஓர் இடம்

என் வீட்டுக்காரர் மௌத்தானபோது எனக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. வண்டிப்பெரியாரை ஒட்டிய ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் அவர் ஃபிட்டர். ஒரு மழைக்காலம் முழுக்க இருமினார். வைத்தியத்துக்கு என் கழுத்திலும் கையிலும் கிடந்த பொன்னெல்லாம் போயிற்று. கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஜீப்பிலேயே அவரும் போய்விட்டார். எனக்கும் எட்டு வயது மகளுக்கும் மிஞ்சியது தோட்டத்திலிருந்து வரவேண்டிய பி.எஃப். பணம் ஒன்றுதான்.

ஃபேக்டரி வீட்டை ஒழித்துக் கொடுக்க வேண்டும். புருஷன் போனவள் இருக்க வேண்டிய இத்தா முடிகிறவரை இருந்துகொள்ளட்டும் என்று தோட்டத்துத் துரை சொல்லி அனுப்பினார். அது பெரிய மனதுதான். அந்த நாலு மாதமும் நான் வாசல் தாண்டாமல் உள்ளே இருந்தேன். என் பணத்தை என்ன செய்வது என்று ஆண்கள் முன்னறையில் உட்கார்ந்து பேசினார்கள். பேச்சு சுற்றிச் சுற்றி உத்தமபாளையத்தில் இருக்கும் என் அண்ணன் வீட்டில்தான் போய் முடியும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அங்கே வந்துவிடு என்றார் அண்ணன். அவர் கெட்டவர் இல்லை, மதினியும் கெட்டவள் இல்லை. ஆனால் எனக்கு அங்கே போக மனதில்லை. பஜாரில் ஒரு அறை, எனக்கென்று ஓர் அடுப்பு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். இவ்வளவுதான் நான் கேட்டது. அந்தப் பணம் ஏதோ ஒரு வழியில் பிழைத்துக் கிடந்து மாதம் வாடகையும் அரிசியும் தந்தால் போதும், நான் யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை.

திரைக்குப் பின்னாலிருந்து அதைச் சொன்னேன். அண்ணன், "அப்ப வட்டிக்கா குடுக்கப் போற?" என்று கேட்டார்.

வட்டி ஹராம். இதை யாரும் எனக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. என்னிடம் அதைச் சொன்னவர்களில் பாதிப் பேர் கடைச் சரக்குக்கு வட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்கள், அது வேறு கதை. கொடுப்பது கட்டாயம், வாங்குவதுதான் பாவம் என்று அவர்களாக ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். எனக்கு அந்தச் சட்டம் பிடிபடவில்லை. கூடாது என்றால் முழுசாகக் கூடாது.

இத்தா முடிந்ததும் முதல் வேலையாகத் தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். கையில் வந்த பணத்தில் அவர் சம்பளத்தில் பிடித்தது எவ்வளவு, கம்பெனி போட்டது எவ்வளவு, வட்டியாகச் சேர்ந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லுங்கள் என்று கேட்டேன். எல்லாரும் இன்னும் வரவேண்டியது இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள், எதைத் தூக்கிப் போடலாம் என்று கேட்க வந்த ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார் கிளார்க். அந்த வட்டிப் பங்கை அப்படியே எடுத்து, நன்மையை எதிர்பார்க்காமல், தொழிலாளர் லயத்துத் தண்ணீர்க் குழாய் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகு நெஞ்சு லேசாக இருந்தது உண்மை.

மிச்சத்தை எங்கே வைப்பது? பாங்கு மானேஜர் நல்ல மனுஷன். மலையாளமும் தமிழும் கலந்து பொறுமையாகப் பேசினார். நிரந்தரமாகப் போட்டு வைத்தால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பலிசை, அதாவது வட்டி, கிடைக்கும், கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம் என்றார். பலிசை வேண்டாம், லாபத்தில் பங்கு தருகிற கணக்கு ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். அப்படி ஒன்று இந்தியாவிலேயே கிடையாது என்று சிரித்தார். அரபு நாட்டில் வட்டியில்லாத பாங்கு திறக்கிறார்களாம் என்று பஜாரில் பேசிக்கொண்டார்கள். அரபு நாட்டில் திறந்தால் எனக்கு என்ன, நான் பஸ் ஏறியா போக முடியும்? சீட்டில் சேரலாம் என்றால் ஏலத்தில் தள்ளுபடி போகிறதே, அதுவும் வட்டியின் தங்கச்சிதான் என்றார் பள்ளிவாசல் அசரத். பொன் வாங்கிப் பெட்டியில் வைத்தால் அது குட்டி போடாது, வருஷா வருஷம் ஜகாத்தும் கொடுக்க வேண்டும். ஜமாத்தில் வட்டியில்லாக் கடன் நிதி ஒன்று இருந்தது. பணத்தை அங்கே அமானத்தாக வைக்கலாம், பத்திரமாக இருக்கும், ஆனால் ஒரு பைசா கூடுதலாக வராது. பத்திரமாக இருக்கிற பணத்தை நான் வேகவைத்தா தின்பேன்?

அடுத்த வீட்டில் கொழுந்து எடுக்கும் அக்கா ஒருத்தி இருந்தாள். அவளும் புருஷனைப் பறிகொடுத்தவள்தான். அவள் பணத்தைப் பாங்கில் போட்டுவிட்டு அடுத்த நாளே வேலைக்குப் போய்விட்டாள். என் அலைச்சலைப் பார்த்துவிட்டு, "என்ன பாயம்மா, ஒங்க சாமி இம்புட்டுக் கறாரா இருக்காரு," என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. புருஷன் போனபின் நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

கடைசியில் வழி காட்டியவர் அசரத். பஜாரில் ஏலக்காய் வியாபாரம் பார்த்த ஒரு பாயைச் சொன்னார். தராசில் விரல் வைக்காதவர் என்று ஊரே சொல்லும். குமுளிப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தை அவர் குத்தகைக்குப் பிடிக்க இருந்தார், கையில் முதல் இல்லை. பணம் என்னுடையது, பாடு அவருடையது, லாபம் ஆளுக்குப் பாதி. நான் விடவில்லை. லாபம் எப்படியும் இருக்கட்டும், மாதம் வாடகைக்கு மட்டும் ஒரு தொகை நிச்சயமாகத் தந்துவிடச் சொல்லுங்கள் என்று அசரத்திடம் கேட்டேன்.

"நிச்சயம்னு பேசிட்டா அது வட்டிதாம்மா," என்றார் அவர். "நட்டம் வந்தா ஒங்க பணம் போவும், அவருக்குப் பாடு போவும். அதுக்கு மனசு ஒப்புச்சுன்னா குடுங்க."

மனசு ஒப்பித்தான் கொடுத்தேன். யாரும் என்னை ஏமாற்றவில்லை.

முதல் வருஷம் காய் நன்றாக வந்தது. ஆவணியிலிருந்து தை வரைக்கும் ஒவ்வொரு பறிப்புக்கும் பாய் வந்து என் பங்கை வாசலில் நின்றே கொடுத்துவிட்டுப் போவார். பஜாரில் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை பிடித்தேன். ஓட்டுச் சந்தில் மழை ஒழுகும். ஆனால் என் அடுப்பு, என் சட்டி. பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து, "அம்மா, இன்னைக்கு மீன் வாங்கலையா?" என்று அதட்டுவாள். அந்த அதட்டலைக் கேட்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருக்கும். அந்த ஒரு வருஷம் நான் ராணிதான்.

அடுத்த சித்திரையில் செடி நிறையப் பூத்தது. வைகாசி பிறந்ததும் பாய் வந்தார். முகத்தில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை.

"கம்பத்து யாவாரி ஒருத்தர் பூவுலயே வெல பேசுறாரு. போட்ட மொதலுக்கு மேலயே கெடைக்கும். காய் விழுந்தாலும் நின்னாலும் அவரு பாடு," என்றார். "அசரத்துட்ட கேட்டேன். காய் முத்துறதுக்கு முன்னாடி விக்கக் கூடாதுங்குறாக. பணம் ஒங்களுது. நீங்க என்ன சொல்றீக?"

மலையில் எல்லாரும் அப்படித்தான் விற்கிறார்கள். நான் தலையை ஆட்டியிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனால் கையில் வந்த பணத்தில் வட்டியைத் தனியே எடுத்துக் கொடுத்தவள், இங்கே மட்டும் கண்ணை மூடிக்கொள்வதா? பாதிக் கிணறு தாண்ட எனக்குத் தெரியாது. கூடாதென்றால் கூடாதுதான் பாய், காயாகட்டும் என்றேன். அவர் முகம் தெளிந்தது. அவர் மனதிலும் அதுதான் இருந்திருக்கிறது.

ஆனியில் பிடித்த மழை ஆடி முழுக்க விடவில்லை. ஒருநாள் வெயில் அடித்திருந்தால்கூடப் பாதியாவது மிஞ்சியிருக்கும் என்று பிறகு சொன்னார்கள். அழுகல் விழுந்தது. பிஞ்சும் காயும் பழுப்பேறி, தொட்டால் கையோடு வந்தன. பக்கத்துத் தோட்டங்களிலும் அதே கதிதான், ஆனால் அவர்கள் பூவிலேயே விற்றுவிட்டார்கள். நட்டம் கம்பத்துக்காரருக்குப் போயிற்று. எங்கள் தோட்டத்தின் நட்டம் மட்டும் எனக்கென்று வந்தது. உள்ளதும் போச்சு நொள்ளைக்கண்ணா என்பார்களே, அந்தக் கதை.

கூலியும் குத்தகை பாக்கியும் போக மிச்சம் இருந்ததை பாய் ஒரு காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்தார். இரண்டு மாத வாடகைக்குக்கூட அது காணாது. தன் பங்குக்கு ஒரு காசும் எடுத்துக்கொள்ளவில்லை. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"என்னய ஏசுங்கம்மா," என்றார். "நாலு வார்த்த ஏசிட்டீகன்னா நான் போயிருவேன்."

எனக்கு வாய் ஊரறிந்த வாய். சண்டை என்றால் பஜாரே காது கொடுக்கும். ஆனால் இவரை எதைச் சொல்லி ஏசுவது? அவர் திருடவில்லை. அசரத் பொய் சொல்லவில்லை. பாங்கு மானேஜர் அன்றைக்கே சொன்னார். எல்லாரும் சரி. எல்லாரும் சரியாக இருந்துதான் நான் தெருவுக்கு வந்தேன். யாராவது ஒருத்தன் அயோக்கியனாக இருந்திருந்தால் அவனைச் சபித்தாவது நான் தூங்கியிருப்பேன்.

சபூர் செய்யுங்கள், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அதைச் சொல்ல ஊரில் எத்தனை வாய்! ஜமாத் நிதியில் கடன் கேட்டேன், பொன் அடகு வேண்டும் என்றார்கள். பொன் அவரோடு போய்விட்டது. காலையில் ஆப்பம் சுட்டு விற்றுப் பார்த்தேன். மழையில் பஜாருக்கு யார் வருகிறார்கள்? வாடகை ஏறிக்கொண்டே போயிற்று. அண்ணன் கடிதம் போடாமல் நேரே வந்துவிட்டார். அவர் என்னைக் குத்திக் காட்டவில்லை. பாத்திரங்களைச் சாக்கில் கட்டினார், அடுப்பைச் சுமக்க முடியாது, வேண்டாம் என்றார்.

பஸ் ஏறும்போது கொழுந்து எடுக்கும் அக்கா ஓடி வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து என் மகள் கையில் கொஞ்சம் பணத்தைத் திணித்தாள். அன்றைக்குத்தான் பாங்குக்குப் போய் வந்திருந்தாள். அது என்ன பணம் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லத் தெம்பில்லை.

இன்றைக்குக் கேட்டாலும் வட்டி கூடாது என்றுதான் சொல்வேன். அந்தப் பூவை விற்றிருக்கலாமா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. தொழுகைப் பாயில் உட்கார்ந்து எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். எனக்குப் பதில் வரவில்லை, இனி வரும் என்ற நம்பிக்கையும் போய்விட்டது.

அண்ணன் வீட்டில் மதினி எங்களை நன்றாகவே வைத்துக்கொண்டாள். அவள் ஒரு கடுஞ்சொல் சொன்னதாக என் நாக்கு சொல்லாது. போய்ச் சேர்ந்த மறுநாள் மத்தியானம் நான் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். உள்ளே அடுப்படி வாசலில் என் மகள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமி, பசிக்குது. நான் கொஞ்சம் சோறு போட்டுக்கிரட்டுமா?"

இதெல்லாம் கேட்கணுமா, எடுத்துப் போட்டுக்க என்றாள் மதினி. பிள்ளை ஓர் அகப்பைச் சோறு மட்டும் எடுத்துக்கொண்டு, குழம்புச் சட்டியைத் திறக்காமல், மூலையில் போய் உட்கார்ந்து தின்றாள். அப்படிக் கேட்க வேண்டும் என்று நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவே இல்லை.